கர்ச்சீப் ஆன வரைபடங்கள்

போன மாதம் அப்பாவின் சிநேகிதர் ஒருவரைப் பார்க்க ராஜபாளையம் போயிருந்தேன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் மாமா என்று தான் கூப்பிடுவேன். பேச்சுவாக்கில், நான் பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகிற ஒரு பழைய அரசாங்கக் கட்டிடத்தைப் பற்றி கேட்டேன். எந்த ஆபீஸ் என்று இங்கே சொல்லப் போவதில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம், இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் எட்டாத தூண், உயரமான வராண்டா. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும், அந்த நிலைமை.

"அதோட ஒரிஜினல் டிராயிங்க நான் பாத்திருக்கேன் தம்பி" என்றார் மாமா.

"இப்ப எங்க மாமா இருக்கு?"

சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். "உங்க அத்தை கிட்ட கேளு. எங்கம்மா அதுல ஆறு கர்ச்சீப் தச்சாங்க. மிச்சத் துணில மூத்தவளுக்கு ஒரு சட்டை."

எனக்கு முதலில் புரியவில்லை. விளக்கினார். அந்தக் காலத்தில் வரைபடத்தை காகிதத்தில் மட்டும் போடுவதில்லை. ட்ரேசிங் க்ளாத் என்று ஒன்று உண்டு. மெல்லிசான நல்ல துணியில் கஞ்சி போட்டு, மினுக்கி, எதிர்ப்பக்கம் தெரிகிற மாதிரி செய்திருப்பார்கள். அதில் இந்தியன் இங்க் வைத்து கோடு போடுவார்கள். அந்தத் துணியை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு அலசினால் கஞ்சி போய்விடும், மையும் போய்விடும். அருமையான துணி மட்டும் மிஞ்சும். எழுபதுகளின் கடைசியில் ஆபீஸை ஒதுங்க வைத்தபோது ஒரு மூலையில் சுருள் சுருளாகக் கிடந்ததாம். மேலதிகாரி "வேணும்ங்கிறவன் எடுத்துட்டுப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொருவரும் இரண்டு சுருள், மூன்று சுருள் என்று வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

நானும் சிரித்தேன். காப்பி குடித்தேன். திரும்பி வரும்போது பஸ் அந்தக் கட்டிடத்தைத் தாண்டியது. கூரை மேல் தகரம் போட்டு, சுவரில் சிமெண்ட் பூசி, பாதி வராண்டாவை அலுமினியத் தடுப்பு வைத்து அடைத்து... அப்போது தான் சிரிப்பு நின்றது.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்குச் சம்பளம் குறைவு, துணி நல்ல துணி, கொடுத்தது மேலதிகாரி. கோபம் எல்லாம் அந்த "வேணும்ங்கிறவன் எடுத்துட்டுப் போங்கப்பா" மேல் தான். அந்த வார்த்தையை யாரும் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் கேள்வி கேட்கிற மாதிரி ஒரு பொருளாக அது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. இன்றைக்கும் இல்லை. என் சண்டை அதோடு தான்.

நான் படிப்பது பி.காம். கட்டிடக்கலைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இது ஒரு கணக்குப் பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு கம்பெனி கட்டிடம் கட்டினால் அது ஐந்தொகையில் சொத்து என்று ஏறும். வருடா வருடம் தேய்மானம் கழிப்பார்கள். கடைசியில் ஒரு ரூபாய் மதிப்பு வந்தாலும் அந்த ஒரு ரூபாய் அங்கே நிற்கும். அதாவது, அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று யாரோ ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டாக வேண்டும். நம் அரசாங்கக் கணக்கு அப்படி இல்லை. அது ரொக்கக் கணக்கு. பணம் போனது, பணம் வந்தது, அவ்வளவு தான். 1900ல் கட்டிடத்துக்குச் செலவழித்த பணம் 1900லேயே செலவாக முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கட்டிடம் கணக்கில் ஒரு சொத்தாக நிற்பதே இல்லை. கட்டிடத்துக்கே இந்தக் கதி என்றால் அதன் வரைபடத்துக்கு என்ன கதி? மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் நம்பர் உண்டு. உடைந்த நாற்காலியைத் தூக்கிப் போடக் கூட கண்டெம் செய்து, ஏலம் விட்டு, பணத்தைக் கட்ட வேண்டும். கட்டிடம் எப்படி நிற்கிறது என்று சொல்கிற ஒரே காகிதம் நாற்காலியை விடக் கேவலம்.

ஃபைல்களுக்காவது ஒரு ஜாதகம் உண்டு. ஆர்.டிஸ். என்று முடித்தால் நிரந்தரம், எல்.டிஸ். என்று முடித்தால் ஒரு வருடத்தில் கழிக்கலாம். இந்த எழுத்துகளை வைத்துத் தான் நம் அலுவலகங்கள் ஒரு நூற்றாண்டாக எதை வைப்பது எதை எரிப்பது என்று முடிவு செய்கின்றன. வரைபடச் சுருள் ஃபைலுக்குள் அடங்காது. அதனால் அது பீரோ மேல் ஏறும். பீரோ மேல் ஏறியது ஒரு நாள் இறங்கும், அன்றைக்கு அதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

இதை எழுதினால் முதலில் வரப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். "ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல, உனக்குப் பழைய பேப்பர் முக்கியமா?" என் அறை நண்பனே கேட்டான்.

தண்ணீர் கேட்பது நியாயம் தான். ஆனால் பழைய கட்டிடம் ஒழுகினால் அதையும் யாராவது வரிப்பணத்தில் தானே சரி செய்கிறார்கள்? எப்படிச் சரி செய்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மாதிரிக் கட்டிடங்களின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின் மேல் சின்ன செங்கல்லை நிறுத்தி வைத்து சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்து முடிப்பார்கள். எந்தக் கட்டை எங்கே இருக்கிறது, எத்தனை அங்குலம் இடைவெளி, மழைத் தண்ணீர் குழாய் எந்தச் சுவருக்குள் இறங்குகிறது, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்... இதெல்லாம் வரைபடத்தில் இருக்கும். வரைபடம் இல்லாத காண்டிராக்டர் என்ன செய்வார்? ஒழுகுகிற இடத்தில் சிமெண்ட் கொட்டுவார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர், ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு செங்கல்லை அரிக்கும். இரண்டு வருடத்தில் பூச்சு உதிரும். மறுபடி எஸ்டிமேட், மறுபடி டெண்டர். கடைசியில் "பாழடைந்த கட்டிடம், ஆபத்தானது" என்று ஒரு சான்றிதழ், அப்புறம் புல்டோசர். கட்டிடத்தின் ஆயுளைக் குடித்தது வயசு இல்லை சார், நம் ரிப்பேர்!

இரண்டாவது ஒரு வாதம் வரும். அது தான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் ஊட்டுவது. "பாதுகாப்பு."

நானே நேரில் கேட்ட வார்த்தை இது. மாமா வீட்டிலிருந்து வந்த வாரமே ஓர் அலுவலகத்துக்குப் போய், பழைய கட்டிட வரைபடம் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டேன். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, கவர்மெண்ட் பில்டிங் பிளான வெளியாளுக்குக் காட்டக் கூடாது. செக்யூரிட்டி" என்றார். சரி, காட்ட வேண்டாம், இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் சார் என்றேன். "அதெல்லாம் இங்க ஏதுப்பா!"

இல்லாத பொருளுக்கு எவ்வளவு காவல் பார்த்தீர்களா :-)

சண்டிகரைப் பாருங்கள். அங்கே உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டசபை மூன்றையும் வடிவமைத்தவர் லெ கார்பூசியே. இரண்டு மாநிலங்களின் அரசாங்கமே உட்கார்ந்திருக்கிற வளாகம். அந்த நகரம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பதற்கான வரைபடங்களையும் கடிதங்களையும் அந்த ஊரிலேயே ஒரு மியூசியம் வைத்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். அவருடைய வரைபடங்கள் தொகுதி தொகுதியாகப் புத்தகமாகவே வந்துவிட்டன. 2016ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்த வளாகம் ஏறியது. இந்தியாவின் பாதுகாப்பு ஒன்றும் குலைந்து போகவில்லை. டெல்லியைக் கட்டிய லட்யன்ஸின் வரைபடக் குவியல் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் கட்டிடக்கலைஞர்கள் சங்கத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஜனாதிபதி மாளிகையைக் கட்டியவரின் பென்சில் கோட்டை லண்டனில் ஒரு மாணவன் பார்க்கலாம். நம் ஊர் தாலுகா கட்டிடத்தின் ஜன்னல் அளவை நான் பார்க்கக் கூடாது.

ஒரு நியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். கருவூலத்தின் ஸ்ட்ராங் ரூம் இப்போது எங்கே, ஜெயிலின் இப்போதைய பூட்டு, காமிரா எங்கே என்பதை எல்லாம் ஊருக்குக் காட்டச் சொல்லவில்லை. அவை இன்றைய விஷயங்கள். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய தூணின் அளவில் என்ன ரகசியம்? தகவல் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் பழசான விஷயமாக இருந்தால் மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணம் அப்போதும் நிற்கும், வாஸ்தவம். ஆனால் அதற்கு அர்த்தம் கேட்பவனை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்புவது இல்லையே.

சண்டிகர் பேச்சு வந்ததால் இன்னொன்று. அந்த அலுவலகங்களுக்காக பியர் ஜானரே குழுவினர் வடிவமைத்த நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பழசாகிவிட்டது என்று உடைசல் விலைக்கு ஏலம் விட்டார்கள். வாங்கிய வியாபாரிகள் பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலக் கூடங்களில் அவற்றை லட்சக்கணக்கில் விற்றார்கள். அப்புறம் தான் முழித்துக்கொண்டு 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. எங்கள் வகுப்பில் எச்ச மதிப்பு என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பொருள் பயன்பாடு முடிந்தபின் என்ன விலைக்குப் போகும் என்ற மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைப் போட்ட குமாஸ்தாவுக்கு நாற்காலி என்றால் மரம், அவ்வளவு தான். வரைபடம் என்றால் துணி.

இப்போது சென்னைக் கதை. சேப்பாக்கம் அரண்மனையை எல்லாருக்கும் தெரியும். 1768 வாக்கில் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கட்டியது. நவாப் குடும்பத்தின் கடன் பாக்கியில் 1855ல் ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்குப் போனது. அன்றிலிருந்து அது அரசு அலுவலகம். ராபர்ட் சிஷோம் அங்கே கோபுரம் சேர்த்தார், பக்கத்தில் அதே பாணியில் மற்ற அலுவலகங்களையும் எழுப்பினார். ஆதியில் கட்டியவர் யார்? பால் பென்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் பலவீனம் என்றும் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட ஒரு வரைபடம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே கிடையாது. இந்திய-சாரசனிக் பாணியின் முதல் கட்டிடங்களில் ஒன்று என்று பெருமை பேசுகிற கட்டிடத்துக்கு அப்பா பெயர் கூட உறுதி இல்லை.

2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறை. அந்த வளாகத்தில் கலச மஹால் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். தேக்கு உத்திரங்கள் எரிந்து கூரை உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் இடிப்பதா காப்பாற்றுவதா என்று பேச்சு நடந்தது, நீதிமன்றப் படியும் ஏறியது. கடைசியில் காப்பாற்றினார்கள். நல்ல வேலை, அதைச் செய்தது இதே பொதுப்பணித் துறை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே தான் நடக்கிறது. ஆனால் அங்கே எதைப் பார்த்து மறுபடி கட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிற்கிற சுவரை, எரிந்த மிச்சத்தை அளந்து தான். சுவர் நின்றது, அதனால் முடிந்தது. சுவரும் விழுந்திருந்தால்?

பாரிஸில் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. (தேவாலயமாச்சே, அரசாங்கக் கட்டிடமா என்று கேட்காதீர்கள். 1905ம் வருடச் சட்டத்துக்கு அப்புறம் அதன் சொந்தக்காரர் பிரெஞ்சு அரசு தான்.) ஐந்தரை வருடத்தில், 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். பணம் கொட்டியது உண்மை தான். பணம் மட்டும் இருந்தால் போதுமா? விழுந்த ஊசிக் கோபுரத்துக்கு 19ம் நூற்றாண்டில் வியோலே-லெ-டக் போட்ட வரைபடங்கள் இருந்தன. ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் 2010ல் லேசர் வைத்து அந்தக் கட்டிடத்தை நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்திருந்தார். அவர் தீயைப் பார்க்கவில்லை, முந்தின வருடமே இறந்துவிட்டார். எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது இது: எரிந்து போன அந்த மரக் கூரையை, ஒவ்வொரு கட்டையாக ஏறி அளந்து, 2014 வாக்கில் வரைந்து வைத்திருந்தவர்கள் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் த்ராந்தெசோ என்ற இரண்டு கட்டிடக்கலைஞர்கள். தங்கள் மேற்படிப்புக்காகச் செய்த வேலை அது. அந்தத் தாள்களை வைத்துத் தான் தச்சர்கள் மறுபடி மரம் செதுக்கினார்கள்.

போலந்திலும் இதே கதை. வார்சா நகரத்தை 1944ல் ஜெர்மானியர்கள் திட்டம் போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். வார்சா பாலிடெக்னிக்கின் கட்டிடக்கலைத் துறை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய நகரத்துக் கட்டிடங்களை அதற்கு முன்பே அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்தத் தாள்களை ஊரை விட்டுக் கடத்தி, பியோத்ர்கூஃப் என்ற ஊரில் ஒரு மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்தது, தாள்கள் வெளியே வந்தன, ஊர் மறுபடி எழுந்தது. உயிர் போகிற நேரத்தில் ஒருவன் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் என்பதைப் பாருங்கள். நகை இல்லை, டிராயிங்.

நம் ஆட்களிடமே கேளுங்கள், யாழ்ப்பாணம். 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1க்குள் நூலகம் எரிந்தது. சுமார் 97 ஆயிரம் நூல்கள் என்கிறார்கள், ஓலைச் சுவடிகளோடு. சென்னையிலிருந்து போன நரசிம்மன் என்ற கட்டிடக்கலைஞர் வடிவமைத்து, 1959ல் திறந்த கட்டிடம் அது. அந்தக் கட்டிடம் இன்றைக்கு மறுபடி வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. உள்ளே இருந்த சுவடி? நாம் எப்போதும் கட்டிடம் தான் நிரந்தரம், காகிதம் ஒரு பொருட்டில்லை என்று நினைக்கிறோம். நடப்பது தலைகீழ்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு திருமலை நாயக்கர் மஹால் இருக்கிறது என்று மதுரைக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இருக்கிறது சாமி. மதுரை மஹாலுக்குத் தம்பி மாதிரி. அது பல வருடம் நீதிமன்றமாக இருந்தது. விருதுநகர் மாவட்டத்துக்கு கலெக்டர் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் எங்கள் ஊரில் தானே, அந்தப் பழக்கம் அப்போதிருந்தே. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இதற்கு ஒரிஜினல் வரைபடம் எங்கே என்று கேட்டால் அது அபத்தமான கேள்வி, எனக்கும் தெரியும். நாயக்கர் காலத்து ஸ்தபதி காகிதத்தில் பிளான் போட்டு கையெழுத்து வாங்கவில்லை. தரையில் கயிறு பிடித்து, கோடு கிழித்து, முழு அளவில் வரைந்து வேலை செய்தவர்கள். ஆகவே இந்த மாதிரிக் கட்டிடத்துக்கு ஒரிஜினல் என்பது, பிற்காலத்தில் யார் முதலில் ஒழுங்காக அளந்து வரைந்தார்களோ அது தான்.

அந்த முதல் ஆட்கள் யார் என்று பார்த்தால் வயிறு எரியும். மதுரை புது மண்டபத்தின் தூண்களையும் சிற்பங்களையும் 1780களில் ஆடம் பிளாக்கேடர் என்ற ராணுவ டாக்டர் உள்ளூர் ஓவியர்களை வைத்து வரைய வைத்தார். வரைந்த கை நம் கை. படங்கள் இருப்பது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில். 1792ல் டேனியல்கள் மதுரைக்கு வந்து பாழடைந்து கிடந்த நாயக்கர் அரண்மனையை வரைந்தார்கள். அந்தப் படங்களில் உள்ள பகுதிகள் எல்லாம் இன்று தரையில் இல்லை. இப்போது நிற்பது ஆதியில் இருந்ததில் கால் பங்கு தான் என்கிறார்கள். மிச்சம் இருந்ததையாவது காப்பாற்றியது கவர்னர் நேப்பியர் காலத்தில், 1866க்கும் 1872க்கும் இடையில் தொடங்கிய பழுதுபார்ப்பு. சிஷோம் தான் அங்கேயும் அளவு எடுத்தவர்.

"வெள்ளைக்காரன் கிட்ட இருக்கிறதே நல்லது, இங்க இருந்தா கரையான் தின்னுருக்கும்" என்று ஒரு கோஷ்டி உண்டு. மாமா கதையைக் கேட்டபின் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். லண்டனில் இருப்பது அங்கே காலநிலை நல்லது என்பதால் மட்டும் பிழைக்கவில்லை. அதற்கு ஒரு நம்பர் போட்டார்கள், ஒரு பெட்டியில் வைத்தார்கள், பெட்டிக்கு ஒருவர் பொறுப்பு. இதைச் செய்ய குளிர் தேவையில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காகிதம் சென்னை வெயிலில் தானே இன்னும் உயிரோடு இருக்கிறது?

கொஞ்சம் ஊர்ச் சண்டை. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் எங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம். இது எங்கள் ஊரில் பால்கோவா மாதிரி, விவாதத்துக்கு இடமில்லாத விஷயம். மதுரைக்காரர்கள் அது மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்கிறார்கள். முத்திரையை வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர், மேற்குக் கோபுரம் என்று அவரே சொன்னதாகவும் சொல்கிறார்கள். முத்திரை வந்தது 1949ல். ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல்வர் ஆனதும் அதே 1949ல். அதனால் ராஜபாளையம் நண்பர்கள் "எங்க ஊர்க்காரர் தயவுல தாண்டா உங்க கோபுரம்" என்று மூன்றாவது கட்சி கட்டுகிறார்கள். மூன்று ஊரும் கத்திக்கொண்டிருக்க வேண்டாம். அவர் போட்ட முதல் ஸ்கெட்ச்சை, அடிக்குறிப்போடு, ஒரு கண்ணாடிச் சட்டத்தில் மக்கள் பார்க்க மாட்டி வைத்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். முடிவு எங்களுக்கு எதிராக வந்தால் கூட ஏற்றுக்கொள்வேன் (வீட்டுக்குள் மட்டும்). ஓர் அரசாங்கம் தன் லெட்டர்ஹெட்டில் தினமும் அச்சடிக்கிற படத்தைப் பற்றியே எழுபது வருடத்துக்கு மேலாக வதந்தியில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் ஆவணங்களுக்கு 1993ல் ஒரு சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் ஆவணத்தை அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை என்று கூட அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேசங்களின் அலுவலகங்களுக்கு. நம் தாலுகா கட்டிடத்தின் பீரோவுக்கு அது எட்டாது. தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டிடங்களுக்காக ஓர் ஆணையம் அமைக்க 2012ல் சட்டம் போட்டார்கள், கலச மஹால் எரிந்த அதே வருடம். அது நடைமுறைக்கு வர பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து வருடத்தில் எத்தனை பீரோ ஒதுங்க வைத்திருப்பார்கள்!

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மியூசியம் கேட்கவில்லை, கோடி கேட்கவில்லை. ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம். கட்டிட வரைபடம்: இத்தனை தாள், இந்த வருடம், இந்த நிலையில். இல்லையென்றால் "இல்லை" என்று எழுதி அதிகாரி கையெழுத்து. அந்த "இல்லை"யை எழுதும்போது ஒரு தடவையாவது பீரோ மேலே எட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அது போதும். நீல பிரிண்ட் தாள் வெளிச்சம் பட்டால் மங்கும், ட்ரேசிங் க்ளாத் தண்ணீர் பட்டால் போச்சு. ஆகவே கிடைத்ததை ஸ்கேன் செய்து, ஒரிஜினலை எழும்பூருக்கு அனுப்பிவிட்டு, நகலை மாவட்ட மைய நூலகத்தில் வைக்கட்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கட்டும்.

வரைபடமே இல்லாத கட்டிடங்களை அளக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் மூன்றையும் சேர்த்தால் எத்தனை சிவில் மாணவர்கள்! எல்லாரும் சர்வே பாடத்துக்கு எங்கே அளக்கிறார்கள்? காலேஜ் விளையாட்டு மைதானத்தை. வருடா வருடம் அதே மைதானம், அதே அளவு, சீனியர் நோட்டைப் பார்த்து அதே விடை. அந்த டேப்பையும் டோட்டல் ஸ்டேஷனையும் நாயக்கர் மஹாலுக்கு ஒரு வாரம் கொண்டு போக தொல்லியல் துறை அனுமதித்தால் என்ன? மதிப்பெண்ணும் கிடைக்கும், ஒரு தாளும் மிஞ்சும். பி.காம். பையன் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கத் தயார். நோட்டில் அளவு எழுதிக் கூட்டிப் பார்ப்பது எனக்கு நன்றாகவே வரும்.

இதை மாமாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "அந்த டிராயிங்ல கிழக்குப் பக்கம் ஒரு கெணறு போட்டிருந்துச்சு தம்பி. இப்ப அந்த எடத்துல தான் சைக்கிள் ஸ்டாண்டு. அடில கெணறு மூடினாங்களா, சும்மா சிலாப்பு போட்டாங்களான்னு தெரியல." மூத்த அக்காவின் அந்தச் சட்டை இன்னும் பரணில் இருக்கலாம், தேடிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். மை போயிருக்கும், ஊசியால் அமுக்கிய கோடு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பாவம், தூங்கியிருக்க மாட்டார்.

அந்த சைக்கிள் ஸ்டாண்டு விஷயத்தையும் சேர்த்து, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறேன். மூன்று கேள்வி. கட்டிடத்தின் மூல வரைபடம் அலுவலகத்தில் உள்ளதா. இல்லையென்றால் எந்த உத்தரவின்படி எப்போது கழிக்கப்பட்டது. கிழக்குப் பக்கக் கிணறு எந்த வருடம் மூடப்பட்டது. முப்பது நாள் கெடு. பதில் வந்ததும் அப்படியே இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன். அதுவரை அந்த ஸ்டாண்டில் வண்டி நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.